திருகோணமலையில வேலை செய்துகொண்டே தூரக்கல்வியில பைனான்ஸ் டிகிரி: முடிச்சாப் பிறகு எழுதுற ரிவியூ

கடைசி ரிசல்ட்டும் வந்திட்டுது, டிகிரி முடிஞ்சுது. பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், பைனான்ஸ் ஸ்பெஷல், முழுக்க முழுக்க தூரக்கல்வி. நான் டவுனுக்குள்ள ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்குப் பகுதியில வேலை, படிச்ச காலம் முழுக்க அந்த வேலையும் விடேல்ல. இப்ப உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல்கள்ல ரிசப்ஷன்ல நிக்கிற தம்பிமார், லீசிங் கம்பனியள்ல வேலை செய்யிற தங்கச்சிமார் எண்டு கன பேர் கேக்கிறாங்க, இது செய்யலாமா, காசுக்கு பெறுமதியா எண்டு. அதான் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். எந்தப் பல்கலைக்கழகம் எண்டு பேர் போடேல்ல, குறையும் சொல்லப் போறன், அதுகள்ல பாதிக்கு மேல எங்க போனாலும் இருக்கிற குறைதான்.

முதல்ல பதிலைச் சொல்லிடுறன். செய்யலாம். வேலையில இருக்கிற ஆள் எண்டா கட்டாயம் செய்யலாம். ஆனா பொதுவா பிசினஸ் டிகிரி எண்டு எடுக்காம பைனான்ஸ் ஸ்பெஷலோட எடுங்க, எனக்கு அந்தக் காசும் நேரமும் திரும்பி வந்தது முழுக்க அந்தப் பகுதியாலதான்.

கொழும்புக்கு போய் படிக்கிறது எண்டா இங்க இருந்து 260 கிலோமீட்டர் சொச்சம், போர்டிங் காசு, சாப்பாடு, லீவுக்கு வந்து போற பஸ் காசு, அதைவிட பெரிய செலவு உழைக்காம விடுற சம்பளம். எங்கட வீடுகள்ல அந்தச் சம்பளத்தை ஆரும் செலவா எழுதிறேல்ல, கோர்ஸ் பீஸ் எவ்வளவு எண்டுதான் கேப்பாங்க. பைனான்ஸ்ல முதல் படிப்பிக்கிற விசயமே அதுதான், கையை விட்டுப் போற வருமானமும் செலவுதான் எண்டு. அப்பிடிப் பாத்தா தூரக்கல்வி மிச்சம் மலிவு. பீஸை தவணை தவணையா கட்டவும் விட்டாங்க, அது எனக்கு பெரிய உதவி.

நேரம்தான் மலிவில்ல. சனி ஞாயிறு கொஞ்சம் பாத்தா காணும் எண்டு யாராவது சொன்னா நம்பாதீங்க. இலங்கையில ஹானர்ஸ் டிகிரிக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட் எண்டா 50 மணித்தியால படிப்பு எண்டுதான் கணக்கு. பெருக்கிப் பாருங்க, 6000 மணித்தியாலம். நாலு வருசத்தில முடிக்கிறதெண்டா கிழமைக்கு 29 மணித்தியாலம் கிட்ட வரும், ஆறு வருசமா இழுத்தா 19. மூண்டு வருச பொது டிகிரி 90 கிரெடிட், அதுக்கும் கிழமைக் கணக்கு அதே 29தான். கடை பூட்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு புத்தகத்தை திறக்கிற ஆளுக்கு இது சின்னக் கணக்கில்ல, கலியாணம் கட்டின ஆக்கள் வீட்டில இருந்து கதைச்சு முடிவெடுத்திட்டு சேருங்க.

முதல் பாதி பாடங்கள் முகாமைத்துவம், மார்க்கெட்டிங், எக்கொனொமிக்ஸ், கணக்கியல், புள்ளிவிபரம், பிசினஸ் லோ. ஏ.எல் கொமர்ஸ் செய்த ஆளுக்கு பாதி தெரிஞ்சதுதான், வாசிச்சா பாஸ் பண்ணலாம். மார்க்கெட்டிங் மொடியூல் மட்டும் சரியான பழசு, உதாரணங்கள் எல்லாம் எங்கயோ இருக்கிற கம்பனியள். இதுக்கு மேல சொல்ல ஒண்டும் இல்ல.

பைனான்ஸ் பாடங்கள் தொடங்கினாப் பிறகுதான் விசயம். நான் அதைப் படிச்ச நேரம் 2022. அந்த வருசம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே அடியில வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டினது, 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டினம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது, பிறகு அதே வருசம் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கிற கடன்) வட்டி 30 சதவீதத்துக்கு மேல போனது. புத்தகத்தில தேறிய இற்றைப் பெறுமதி (பிறகு வரப்போற காசு இண்டைக்கு எவ்வளவு பெறுமதி எண்டு பாத்து, அதில போடுற காசைக் கழிக்கிற கணக்கு) எண்டு ஒரு அத்தியாயம் இருக்கு, சும்மா வாசிச்சா பார்முலா மட்டும்தான் தெரியும். மூண்டு வருசத்தால கையில வரப்போற ஒரு லட்சம் ரூபா 10 சதவீத வட்டியில இண்டைக்கு 75,131 ரூபா பெறுமதி, அதே ஒரு லட்சம் 30 சதவீதத்தில 45,517 ரூபாதான். எங்கட முதலாளி அப்ப ஸ்டோரை பெருப்பிச்சு கட்டுறதுக்கு லோன் எடுக்க யோசிச்சுக்கொண்டு இருந்தவர், நான் இந்தக் கணக்கை அவருக்கு ஒரு தாளில போட்டுக் காட்டினன், அவர் கனநேரம் பாத்திட்டு "அப்ப பொறுப்பம்" எண்டார். எனக்கு அண்டைக்குத்தான் இந்தப் படிப்பில ஒரு பிடிப்பு வந்தது, சோதனைக்கு எண்டு இல்லாம.

அதே மாதிரி தொழிற்படு மூலதனம், அதாவது அண்டாட வியாபாரத்தில சுத்துற காசு. இது கடை வச்சிருக்கிற எல்லாரும் படிக்க வேண்டிய பாடம். சீமெந்தும் கம்பியும் ஸ்டோர்ல 40 நாள் கிடக்குது, மேசன்மாரும் கொன்ராக்காரரும் கொப்பிக் கணக்கில எடுத்திட்டு 60 நாள் இழுக்கிறாங்க, ஏஜென்ட் எங்களுக்கு தாற தவணை 30 நாள் எண்டு வைங்க. 40ம் 60ம் 100, அதில 30 கழிச்சா 70 நாளைக்கு எங்கட காசு வெளியில நிக்குது. அந்த 70 நாளுக்கும் ஓவர்டிராப்ட் வட்டி யார் கட்டுறது? நல்லா வியாபாரம் போற கடையும் மாசக் கடைசியில சம்பளத்துக்கு காசில்லாம நிக்கிறது இதாலதான். இலாபம் வேற, காசுப்பாய்ச்சல் வேற எண்டு கணக்கியல்ல படிச்சிருப்பீங்க, ஆனா நாள் கணக்கில பாக்கேக்கதான் விளங்கும்.

கம்பனி அறிக்கை வாசிக்கிற அசைன்மென்ட் ஒண்டு இருந்தது, பங்குச்சந்தையில இருக்கிற ஒரு கம்பனியை எடுத்து விகிதம் எல்லாம் போட்டு எழுத வேணும். நான் டோக்கியோ சீமெந்தை எடுத்தனான், பக்டரி இங்க எங்கட சீனக்குடா பக்கத்திலதானே, நாங்க விக்கிற சாமானும் அதுதான். அதுக்கு வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு எண்டு ரெண்டு வகை கொழும்பு பங்குச்சந்தையில போகுது, ஒரே கம்பனிக்கு ரெண்டு விலை ஏன் எண்டு யோசிக்கவே ஒரு முழு வகுப்பு போச்சு. சீமெந்து அரைக்கிற மூலப்பொருள் கிளிங்கர் வெளிநாட்டில இருந்து வாறது, 2022 மார்ச்சில ரூபாவை மிதக்க விட்டாப் பிறகு டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 360 அளவுக்கு ஏறிச்சு, சீமெந்து மூட்டை விலை ஏன் அப்பிடி ஏறினது எண்டு கடைக்கு வாற ஆக்களுக்கு என்னால ஒழுங்கா விளங்கப்படுத்த ஏலுமா இருந்தது. இன்னொரு பிள்ளை லங்கா ஐஓசியை, இந்தியன் ஒயிலின்ட இலங்கைக் கம்பனியை, எடுத்தவ. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி 99ல 14 அவங்களுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு எண்டு 2022 ஜனவரியில ஒப்பந்தம் போட்டதுதானே, நாங்க அதை நியூஸ்ல அரசியலா மட்டும் பாத்தம், அவ அதை முதலீட்டுத் திட்டமா பாத்து எழுதினா. திருகோணமலையில இருந்து பைனான்ஸ் படிக்கிறதில இருக்கிற நல்ல விசயம் இது, உதாரணம் எல்லாம் கண் முன்னால நிக்குது.

இனி தியரி. மார்கோவிட்ஸ் 1952ல எழுதின போர்ட்போலியோ விசயம் (காசை பல முதலீட்டில பிரிச்சுப் போட்டு ஆபத்தைக் குறைக்கிறது), மொடிகிலியானியும் மில்லரும் 1958ல சொன்ன மூலதன அமைப்பு (கம்பனி கடனையும் சொந்தக் காசையும் எந்த அளவில கலக்கிறது எண்டது), ஷார்ப்பின்ட மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி (ஆபத்துக்கு ஏத்தபடி எவ்வளவு வருவாய் எதிர்பாக்கலாம் எண்டது), இது மூண்டும் தனிய வீட்டில இருந்து வாசிச்சு விளங்கிறது கஷ்டம். இங்கதான் தூரக்கல்வியின்ட பெரிய ஓட்டை. முகாமைத்துவ பாடம் எண்டா மொடியூலை வாசிச்சு சமாளிக்கலாம், பைனான்ஸ் கணக்கு எண்டா ஆராவது பக்கத்தில இருந்து "இந்த வரியில என்ன செய்தனீ" எண்டு கேக்க வேணும். ஸூம் வகுப்பில லெக்சரர் ஸ்லைட்டை வாசிச்சிட்டு போயிடுவார், நூறு பேர் இருக்கிற இடத்தில கேள்வி கேக்க எல்லாருக்கும் கூச்சம். நாங்க நாலு பேர் சேர்ந்து பாலையூற்றில ஒரு வீட்டில ஞாயிறு பின்னேரம் இருந்து கணக்குச் செய்தம், கிண்ணியாவில இருந்து ஒரு தங்கச்சி கைக்குழந்தையோட வருவா, கரண்ட் கட் நேரமும் மெழுகுதிரியில இருந்து செய்தம். அந்தக் குழு இல்லாட்டி நான் பைனான்ஸ் பாடம் ரெண்டை ரிப்பீட் பண்ணியிருப்பன், அதில சந்தேகமே இல்ல. சேர முதல் உங்கட ஊர்ல அதே கோர்ஸ் செய்யிற ஆக்கள் இருக்கிறாங்களா எண்டு தேடிப் பிடியுங்க, இதை நான் பீஸை விட முக்கியமா சொல்லுவன்.

மற்ற குறைகள். மொடியூல் புத்தகம் பிந்தி வாறது. அசைன்மென்ட் திருத்தி மார்க்ஸ் மட்டும் போடுறாங்க, எங்க பிழை எண்டு எழுதிறேல்ல, தூர இருந்து படிக்கிற ஆளுக்கு அந்த ரெண்டு வரிதான் ஆசிரியர், அது இல்லாம படிப்பிக்கிறது எண்டு எப்பிடி சொல்றது. அசைன்மென்ட் ஏத்துற கடைசி நாள் பின்னேரம் போர்ட்டல் படுத்திடும், அதால ரெண்டு நாள் முந்தியே ஏத்திடுங்க. சோதனைக்கு வெளி மாவட்டம் போக வேண்டி வந்தது, முதல் நாளே போய் தங்க வேணும், பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது வீட்டில ஒரு பிரச்சினை, அதை நிர்வாகத்தில ஆரும் யோசிக்கிறதா தெரியேல்ல. எக்செல் காணாது. பைனான்ஸ் ஸ்பெஷல் எண்டு சொல்லிட்டு கல்குலேட்டர்லயே எல்லாம் செய்ய விடுறாங்க, வேலை இடத்தில ஒருத்தரும் கையால உள்ளக விளைவு வீதம் (ஒரு முதலீடு வருசத்துக்கு எத்தினை வீதம் உழைக்குது எண்ட கணக்கு) கண்டுபிடிக்கிறேல்ல. அதை நான் யூடியூப் பாத்துத்தான் பழகினன்.

மீடியம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில ஏ.எல் செய்த ஆக்கள் பயப்பிடாதீங்க, பைனான்ஸ்ல இலக்கம்தான் கூட, கதை குறைவு. முதல் வருசம் கஷ்டம், பிறகு அதே சொல்லுகள்தான் திரும்பத் திரும்ப வருது.

வேலை விசயம். டிகிரி கையில வந்த உடன கதவு திறக்கும் எண்டு இல்ல, முக்கியமா அரசாங்க பட்டதாரி நியமனத்தை மட்டும் நம்பி இதில காசு போடாதீங்க. ஏற்கனவே பாங்க், லீசிங், ஹோட்டல் கணக்கு, கூட்டுறவு எண்டு எங்கயாவது கால் வச்சிருக்கிற ஆளுக்கு இது நல்லா உதவும். என்ட கடையில இப்ப கொள்வனவும் கடன் வசூலும் என்ட பொறுப்பில வந்திருக்கு, சம்பளமும் கூட்டினவங்க.

நான் குடுக்கிற மார்க் 5க்கு 3.5. பைனான்ஸ் பாடத்தின்ட உள்ளடக்கத்துக்கு மட்டும் எண்டா 4.5 குடுப்பன், மாணவர் சேவைக்கு 2.

பதிய முதல் செய்ய வேண்டியது. யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அங்கீகாரம் இருக்கா எண்டு அவங்கட வெப்சைட்ல நீங்களே பாருங்க, புரோஷர்ல போட்டிருக்கிறதை மட்டும் பாத்து பாங்க்ல காசு கட்டாதீங்க. தனியார் நிறுவனம் எண்டா பல்கலைக்கழகச் சட்டம் 25ஏ பிரிவில பட்டம் வழங்க அனுமதி இருக்கா, அதுவும் நீங்க எடுக்கிற அதே டிகிரிக்கு இருக்கா எண்டு கேளுங்க. சார்ட்டர்ட், சீமா, ஏஏடி எண்ட கணக்கியல் தொழில் சோதனைகள் பக்கம் போற யோசனை இருந்தா எந்தெந்த பேப்பருக்கு விலக்கு கிடைக்கும் எண்டு அந்த நிறுவனங்கள்லயே கேக்க வேணும், பதிவு செய்யிற கவுண்டர்ல சொல்றது சரியா வராது. பைனான்ஸ் ஸ்பெஷல் எண்டு சான்றிதழ்லயே அடிச்சு வருமா, இல்லாட்டி மார்க்ஸ் சீட்ல பாடப் பேர் மட்டும்தானா? ஆள் குறைஞ்சா பைனான்ஸ் தெரிவுப் பாடங்களை அந்த வருசம் நடத்தாம விடுவாங்களா? எங்கட பட்ச்சில ஒரு பாடத்துக்கு ஆள் காணாது எண்டு நிப்பாட்டி, அதை எடுக்க இருந்த ஆக்களை மனித வள பாடத்துக்கு மாத்தி விட்டவங்க. இந்த ரெண்டு கேள்விக்கும் பதிலை ஈமெயில்ல எழுத்தில வாங்கிட்டு காசைக் கட்டுங்க.