பழைய கப்பலில் மூன்று இரவுகள்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வருகிறோம் என்பதால், அப்பா அம்மாவோடும் தங்கை குடும்பத்தோடும் ஒன்பது பேராக மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணத்திற்கு முன்பதிவு செய்திருந்தோம். வீட்டு வேலை யார் தலையிலும் விழாமல் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்பதே எங்கள் ஆசை. விளம்பரப் படங்களில் எல்லாம் புத்தம் புதிதாகத் தெரிந்தன. கப்பல் கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதை, ஏறிய பிறகு மாடிப்படி ஓரத்தில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வயதை நான் குறை சொல்லவில்லை. பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அடிப்பகுதியை ஐந்தாண்டுகளில் இரு முறையாவது உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில்) ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சர்வதேச விதிகள் இருக்கின்றன. ஆனால் கேபினுக்குள் ஓடும் கழிவுக் குழாயும் ஏசிக் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது பெரும்பாலும் உரிமையாளரின் அக்கறையைப் பொறுத்தது. அந்த அக்கறை இந்தக் கப்பலில் இல்லை. எங்கள் கேபினில் சன்னலும் கிடையாது. ஏசிக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு நிமிடம் துருநிறத் தண்ணீர் கொட்டியது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் மாலை அம்மா அப்பாவின் கேபினில் கழிப்பறை நின்றுபோனதைத்தான் பொறுக்க முடியவில்லை. கப்பல்களில் கழிவை நீரின் வேகத்தால் தள்ளாமல் வெற்றிடத்தால் உறிஞ்சி இழுக்கிறார்கள். பல கேபின்கள் ஒரே குழாயில் இணைந்திருப்பதால், ஓரிடத்தில் அடைத்தாலோ காற்று கசிந்தாலோ வரிசை முழுவதும் செயலிழந்துவிடும். அன்றும் அப்படித்தான் ஆனது. சரிசெய்யப் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த பொதுக் கழிப்பறை இரண்டு தளம் மேலே இருந்தது, அந்தப் பக்கத்து லிஃப்ட்டும் ஓடவில்லை. முழங்கால் வலியுள்ள எழுபத்திரண்டு வயது அம்மா, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆடும் படிகளில் இரவு இரண்டு மணிக்கு ஏறிப் போனார்.

வேறு கேபின் கேட்டபோது காலியாக இல்லை என்றார்கள். இழப்பீடாக, கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய, இறங்கினால் காலாவதியாகிவிடும் ஒரு சிறு தொகையைக் கணக்கில் வரவு வைத்தார்கள். எங்கள் தளத்துப் பணியாளர் மட்டும் விடியும்வரை துண்டும் தண்ணீரும் சுமந்தபடி ஒவ்வொரு கதவாக வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கோபப்பட யாருக்கும் மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் முறையாகச் செய்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதி மாறி, 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும். எங்களையும் புறப்படுமுன் கூடவைத்து, உயிர்காப்பு உடையின் வாரைக் குழந்தைகளுக்குச் சரியாகக் கட்டும்வரை விடவில்லை.

பெரியவர்களை அழைத்துச் செல்வோர், பணம் கட்டும் முன்பே கப்பல் கட்டிய ஆண்டையும், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. லிஃப்ட்டுக்கு அருகில் கேபின் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நான் இவற்றில் எதையும் கேட்கவில்லை.

இறங்கும் நாளன்று பெட்டி கட்டும்போது, இரண்டாம் இரவு அம்மாவின் தலைமாட்டில் நான் வைத்த தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா மறுபடியும் மேலே ஏறணுமேப்பா, அதான்" என்றார்.