ஆக்சஸா, பேஸா? தேடும்போது எதில் எது நழுவும்

இரண்டுமே தரவுத்தள மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் விண்டோஸில் மட்டும் ஓடும், காசு கட்ட வேண்டும். லிப்ரே ஆஃபிஸ் பேஸ் இலவசம். லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடும். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். அன்றாட வேலையில் அதைவிடப் பெரிய கேள்வி வேறு: டேபிளில் இருக்கும் பதிவு தேடலில் வராமல் போனால் என்ன ஆகும்? பிழைச்செய்தி வராது. இல்லை என்று நம்பி, அதே உறுப்பினரை மறுபடியும் பதிந்துவிடுவோம். இரண்டு மென்பொருளிலும் இது நடக்கும், ஆனால் வெவ்வேறு இடத்தில். (இங்கே பேஸ் என்பது, அதன் கோப்புக்குள்ளேயே வரும், தரவைச் சேமித்துத் தேடித்தரும் எச்எஸ்கியூஎல்டிபி இன்ஜினோடு சேர்த்து.)

தேடல் பெட்டி

ஆக்சஸில் கண்ட்ரோல்+எஃப் அடித்தால் வரும் பெட்டி, கர்சர் நிற்கும் ஃபீல்டில் (டேபிளின் ஒரு நெடுவரிசை) மட்டும்தான் தேடும். 'மேட்ச்' என்ற இடத்தில் 'ஹோல் ஃபீல்டு' என்று இருக்கும். அதனால் 'முருகன்' என்று தேடினால் 'முருகன் க.' கிடைக்காது. ஒவ்வொரு முறையும் 'எனி பார்ட் ஆஃப் ஃபீல்டு' என மாற்றுவதைவிட, ஃபைல் > ஆப்ஷன்ஸ் > கிளையண்ட் செட்டிங்ஸ் போய், ஃபைண்ட்/ரீப்ளேஸ் பகுதியில் 'ஜெனரல் சர்ச்' தேர்ந்துவிடுங்கள். எல்லா ஃபீல்டிலும், எந்தப் பகுதி பொருந்தினாலும் பிடிக்கும். சும்மா ஒரு பெயரைப் பார்க்க மட்டும் என்றால் திரையின் அடியில் பதிவு எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள தேடல் கட்டமே போதும்.

பேஸின் 'ஃபைண்ட் ரெக்கார்டு' பெட்டி இதைவிட வலுவானது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடுவது) உண்டு, காலியான ஃபீல்டைத் தேடலாம். 'சிமிலாரிட்டி சர்ச்' தமிழ்ப் பெயர்களுக்கென்றே செய்தது போல இருக்கும்: சுப்பிரமணியன், சுப்ரமணியன் இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்கலாம். எத்தனை எழுத்து மாறலாம், கூடலாம், குறையலாம் என்று நாமே எண் கொடுக்க வேண்டும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'பி' யூனிகோடில் ப, இகரக் குறி என இரண்டு குறியீடு. ஆகவே அந்த எண்களை 1 என்று வைத்தால் இந்த இரண்டு பெயரும் சேராது, 2 வேண்டும். ஆக்சஸில் இதற்கு ஈடான வசதி உள்ளே கிடையாது. பேஸில் இதற்குக் கொடுக்கும் விலை வேகம்: ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்துத்தான் போகும், பெரிய டேபிளில் காத்திருக்க வேண்டும்.

ஃபில்டர்

இங்கே ஆக்சஸ் தெளிவாக முன்னால் நிற்கிறது. நெடுவரிசைத் தலைப்பின் அம்புக்குறியை அழுத்தினால் மதிப்புகள் டிக் பெட்டிகளோடு வரும். ஒரு சொல்லின் பகுதியைத் தேர்ந்து 'செலக்‌ஷன்' அழுத்தினால், அதைக் கொண்டவை, கொள்ளாதவை எனப் பிரிக்கலாம். பேஸின் 'ஆட்டோஃபில்டர்' பெயரைப் பார்த்து கால்க்கில் (லிப்ரே ஆஃபிஸின் விரிதாள்) வருவது போன்ற பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். கர்சர் உள்ள கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுத்து வடிகட்டும், அவ்வளவுதான். 'ஸ்டாண்டர்டு ஃபில்டர்' மூன்று நிபந்தனை வரை ஏற்கும். நான்காவது வேண்டுமென்றால் குவெரிதான் (நிபந்தனைகளை எழுதிச் சேமித்துவைக்கும் தேடல்).

பேஸில் வடிகட்டிய பின் அடியில் '1 / 41*' போல நட்சத்திரக் குறியோடு எண் வந்தால் அதை மொத்த எண்ணிக்கையாக எழுதிவிடாதீர்கள். இன்னும் எல்லாப் பதிவும் ஏறவில்லை என்று பொருள். கடைசிப் பதிவுக்குப் போகும் பொத்தானை அழுத்தினால் சரியான எண் வரும்.

ஆங்கில எழுத்தும் பாமினியும்

ஆக்சஸ் ஃபில்டரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. பேஸ் பிரித்துப் பார்க்கும். ஆங்கிலத்தில் பெயர் பதிந்தவர்கள் டேபிள் அமைக்கும்போதே 'வார்கேர் இக்னோர்கேஸ்' வகையைத் தேர்வது நல்லது.

ஆனால் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும், யூனிகோடு அல்லாத எழுத்துரு) தட்டிய பழைய தரவில் கதையே தலைகீழ். அதில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. ஆக்சஸுக்கு இரண்டும் ஒன்று என்பதால் தேவையில்லாத பெயர்களும் சேர்ந்து வரும். தேடல் பெட்டியில் 'மேட்ச் கேஸ்' டிக் செய்யலாம். குவெரியில் இரண்டு சொற்களை ஒப்பிடும் 'ஸ்ட்ர்காம்ப்' ஃபங்ஷனுக்கு மூன்றாவது மதிப்பாக 0 தர வேண்டும். இன்னொரு சிக்கல்: பாமினியில் 'ஜ' என்பது [ குறி. குவெரியில் பகுதிப் பொருத்தம் தேடும் ஆக்சஸின் 'லைக்' அதை வைல்டுகார்டாக (வேறு எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் குறி) எடுத்துக்கொள்ளும், 'ராஜா' தேடல் கெடும். அந்த இடத்தில் [[] என்று எழுத வேண்டும். பேஸில் [ வெறும் எழுத்துதான். பாமினித் தரவை யூனிகோடுக்கு மாற்றும் வரை பேஸ் ஃபில்டரை நம்பலாம். அதற்கு மட்டும் 'இக்னோர்கேஸ்' வகை வேண்டாம்.

தேதி

ஆக்சஸில் மிக ஆபத்தான இடம் இதுதான். குவெரி டிசைன் கட்டத்தில் நம் விண்டோஸ் அமைப்புப்படி நாள்/மாதம் ஏற்கும். எஸ்கியூஎல் (குவெரி எழுதும் மொழி) பார்வையிலோ விபிஏ (ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழி) ஃபில்டரிலோ #03/04/2024# என்று எழுதினால் அது மார்ச் 4. #13/04/2024# என்றால் 13-வது மாதம் இல்லையென்று தானே திருப்பி ஏப்ரல் 13 ஆக்கிக்கொள்ளும். சோதித்தது 13-ஆம் தேதி என்றால் சரியாகத்தான் தெரியும், மாதத்தின் முதல் 12 நாள் மட்டும் தப்பாகும். #2024-04-03# என ஆண்டை முன்னே எழுதுங்கள்.

ஏப்ரல் 1 முதல் 30 வரை என்று 'பிட்வீன்' போட்டால், நேரமும் சேர்த்துப் பதிந்திருக்கும் ஃபீல்டில் 30-ஆம் தேதி காலையும் மாலையும் பதிந்தவை விட்டுப்போகும், ஏனெனில் எல்லை நள்ளிரவோடு முடிகிறது. மே 1-க்குக் குறைவு என்று நிபந்தனை வையுங்கள். பேஸில் தேதிக்கு மட்டும் தனி வகை உண்டு, அதில் நேரமே ஏறாது. 'டேட்/டைம்' வகைக்கு மட்டும் இதே கவனம் வேண்டும்.

வைல்டுகார்டு

ஆக்சஸில் வழக்கமாக * மற்றும் ?. 'ஆன்சி 92' அமைப்பை இயக்கிய கோப்பில் % மற்றும் _. ஒரு கோப்பில் ஓடிய குவெரியை இன்னொன்றில் ஒட்டும்போது எதுவும் வராமல் போவதற்கு இது பெரும்பாலும் காரணம். பேஸின் குவெரி கட்டத்தில் * போட்டால் அதுவே % ஆக மாற்றிக்கொள்ளும். எஸ்கியூஎல்லை நேரடியாக ஓட்டும் பொத்தான் அழுத்தியிருந்தால் மாற்றாது. இரண்டிலும் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் போட்டால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது, முழு டேபிளும் அலசப்படும். பெயரின் தொடக்கம் தெரிந்திருந்தால் பின்னால் மட்டும் போடுங்கள்.