லேத் பட்டறையில் செய்வித்த காற்றுத் தாங்கி: ஆறு மாதப் பாவனைக்குப் பின்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றில் இரண்டு, 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த நாட்களில் வாங்கியவை. உப்புவெளிப் பக்கத்து ஒழுங்கைகளில் நெருஞ்சி முள்ளுக்குக் குறைவில்லை என்பதால், வாரத்துக்கு ஒரு சக்கரமாவது காற்றிறங்கிக் கிடக்கும். பம்பு அடிப்பது எனக்குப் பெரிய வேலையன்று. ஆனால் தோள் மூட்டு வலிக்கும் அம்மாவுக்கும், பாடசாலைக்கு நேரமாகிவிட்ட மகளுக்கும் அது பெரிய வேலைதான். ஆறுதலாக நிரப்பி வைத்துக்கொண்டு அவசரத்துக்குத் திறந்துவிடக்கூடிய ஒரு சிறு தாங்கி வேண்டும் என்று திருகோணமலை நகரிலுள்ள ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்வித்தேன். செலவு எல்லாமாக 9,500 ரூபாய். ஆறு மாதம் பாவித்த பிறகு எழுதும் மதிப்பீடு இது.

உடல், கழித்துவிடப்பட்ட ஆறு கிலோ பொடி வகைத் தீயணைப்புச் சிலிண்டர். பட்டறைக்காரர் காட்டிய மூன்றில் அடி துருப்பிடித்த ஒன்றையும், பக்கம் நெளிந்த ஒன்றையும் நாங்கள் தொடவேயில்லை. மூன்றாவதன் உடலில் சோதனை அழுத்தம் 25 பார் என்று பொறிக்கப்பட்டிருந்தது. நான் நிரப்ப நினைத்ததோ 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்தக் கணக்கு), அதாவது எட்டு பாருக்குச் சற்று மேல். மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டரில் எந்த இடத்திலும் துளை போடாமல், வெல்டிங் நெருப்பும் காட்டாமல், அதன் கழுத்துப் புரிக்கே பொருந்தும்படி பித்தளையில் ஒரு தலையைக் கடைந்து, அதிலேயே அழுத்தமானி, 150 பி.எஸ்.ஐ. இல் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு, காற்றேற்றும் மோட்டார் சைக்கிள் வால்வு, குழாய்க்கான திருகு ஆகிய நான்கையும் அவர் பொருத்தியிருந்தார். புரிகள் அத்தனை சுத்தம். சவர்க்கார நீர் பூசிப் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் சிறு குமிழி வந்தது, அதையும் உடனே கழற்றி நாடா சுற்றி மீண்டும் இறுக்கித் தந்தார்.

என் நம்பிக்கையைப் பெற்றது அதற்கு முன் அவர் செய்த சோதனைதான். தாங்கியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, பாதுகாப்பு வால்வின் துளையைத் தற்காலிகமாக அடைத்து, நான் கொண்டுபோன சைக்கிள் பம்பாலேயே அழுத்தம் ஏற்றினார். தண்ணீர் அமுங்காது என்பதால் சில அடிகளிலேயே முள் 180ஐத் தொட்டது. “இதில வெடிச்சா தண்ணிதான் பீச்சும் தம்பி, காத்தில வெடிச்சா இரும்புத் துண்டு பறக்கும்” என்றார். பத்து நிமிடம் முள் அசையவில்லை. தாங்கி செய்விக்க நினைப்பவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மறுக்கும் பட்டறையில் முற்பணம் கொடுக்காதீர்கள். செலவு குறைவு என்று பி.வி.சி. குழாயில் தாங்கி செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழாய் காற்றழுத்தத்தில் கிழியாது, கண்ணாடி போலச் சிதறும்.

இனி, இது எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்போம். தாங்கியின் கொள்ளளவு ஏழு லீற்றர். சாதாரண 28 அங்குலச் சக்கரத்தின் டியூப் சுமார் இரண்டு லீற்றர் கொள்ளும். முற்றாகக் காற்றிறங்கிய ஒரு டியூபை 45 பி.எஸ்.ஐ. வரை நிரப்பினால் தாங்கியில் 13, 14 பி.எஸ்.ஐ. இறங்குகிறது, ஆகவே 120 இல் தொடங்கினால் ஐந்து சக்கரம் நிரம்பும், ஆறாவதற்குத் தாங்கியிலும் டியூபிலும் அழுத்தம் சமமாகி நின்றுவிடும். மீதிக் காற்று உள்ளே இருந்தும் பயனில்லை. வெறும் தாங்கியை என் பம்பால் நிரப்ப ஏறத்தாழ 160 அடி அடிக்க வேண்டியிருப்பதால், சனிக்கிழமைகளில் டயர்க் கடையில் கொடுத்து நிரப்பிக்கொள்கிறேன். உழைப்பை இது குறைக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம்; காலை ஏழு மணிக்குச் செய்ய வேண்டியதை முந்திய வாரமே செய்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே. ஆனால் டியூப் இல்லாத டயரை விளிம்பில் உட்கார வைக்க ஒரேயடியாகப் பாயும் காற்று வேண்டும். அங்கே சாதாரணப் பம்பு தோற்றுவிடும். இந்தத் தாங்கி நண்பர் ஒருவரின் மலைச் சைக்கிள் டயரை “டப்” என்ற ஒற்றைச் சத்தத்தோடு உட்கார வைத்தது.

குறை ஒன்று பெரிதாகவே இருந்தது. மூன்றாம் வாரம் அம்மாவின் சைக்கிளுக்குக் காற்று விட்டபோது குழாய் முனையிலிருந்து தேத்தண்ணீர் நிறத்தில் நீர் சீறியது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றை அமுக்கினால் ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். உள்ளே பூச்சில்லாத இரும்பென்றால் துருவும் சேரும். அந்தத் தண்ணீர் மேலே ஏறி வந்ததற்குக் காரணம், தீயணைப்புப் பொடியை வெளியேற்ற அடிவரை நீண்டிருந்த பழைய உள்குழாயைப் பட்டறைக்காரர் புதிய தலையிலும் மாட்டியிருந்ததுதான். கொண்டுபோய்க் காட்டியதும், தன் பிழைதான் என்று ஒத்துக்கொண்டு வெட்டிவிட முன்வந்தார். வழியில் யோசித்துப் பார்த்திருந்த நான் வேண்டாம் என்றேன். அடியில் தண்ணீர்த் திருகு இல்லாத தாங்கிக்கு அந்த உள்குழாயே வடிகால். டியூபில் பொருத்துமுன் ஒரு நொடி வெளியே திறந்துவிட்டால் தேங்கியது முழுவதும் மண்ணில் போய்விடுகிறது. மாதம் ஒருமுறை தலையைக் கழற்றிக் கவிழ்த்து வெயிலில் காய வைக்கிறேன். காற்று நிரப்பிய நிலையில் மட்டும் வெயிலில் வைப்பதில்லை: 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் 120 என்பது 133 அளவுக்கு ஏறும்.

இன்னொரு குறை இன்னும் தீரவில்லை. பழைய சைக்கிள்களின் வால்வுக்குள் சின்ன ரப்பர்க் குழாய் ஒன்று இருக்குமல்லவா, அது இந்த வேகத்தைத் தாங்காது. திருகை முழுதாகத் திறந்து இரண்டு ரப்பரைக் கிழித்துவிட்டேன். இப்போது கால்வாசிதான் திறக்கிறேன். அழுத்தத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்றைப் பொருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டுமாம்.