எதற்கு இந்தப் பிடித்தம்? புதுக்கோட்டை வங்கிக் கிளையில் ஒரு காலை

சிங்கப்பூரிலிருந்து லீவில் புதுக்கோட்டை வந்தால் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடுவதிலேயே நாள் போய்விடும். இந்த முறை ஒரு காலையை வங்கிக்கென்றே ஒதுக்கினேன். என் என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) என்னவென்றே தெரியாத தொகைகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டேட்மென்ட்டில் இருப்பதெல்லாம் சுருக்கெழுத்து. போனில் கேட்டால் ‘உங்கள் கிளையை அணுகுங்கள்’ என்ற ஒரே பதில்தான்.

வாசலில் இருந்த இயந்திரத்தில் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு, புரியாத வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டு உதவி மேலாளரிடம் நீட்டினேன். பொறுமையான மனிதர். கூட்டம் நெரிக்கும்போதும் ஒவ்வொரு வரியாக விளக்கினார்.

சில்லறைப் பிடித்தங்களுக்குச் சட்டென்று விடை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் 17.70 ரூபாய், எஸ்எம்எஸ் கட்டணம். 15 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். வருடத்துக்கு ஒருமுறை போகும் 236 ரூபாய் டெபிட் கார்டுக்கு. மே, ஜூன் வாக்கில் போகும் 20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. இந்த இரண்டிலும் அப்பா சொல்லி நானே சேர்ந்ததுதான். நாமாக நிறுத்தச் சொல்லும்வரை வருடாவருடம் பிடிப்பார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய தொகை வட்டியில் போனது. என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீத வரி, அந்த வரித் தொகையின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கான என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இது கிடையாது. நாம் அங்கே வரி கட்டும் வாசி என்று சொல்லும் வரி வசிப்புச் சான்றிதழைச் சிங்கப்பூர் வரித்துறையிடம் வாங்கி, மற்ற படிவங்களோடு கொடுத்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதத்தோடு நிறுத்தலாம். கவுண்டரில் யாரும் தாமாக இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மிச்சம் இருந்தது வருடம் 1,000 ரூபாய் போகும் ஒரு பிடித்தம். ஏதோ குழு விபத்துக் காப்பீடாம்.

“அது கணக்கோட சேர்ந்து வர்றதுதான் மேடம்” என்றார்.

“நான் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தா காட்டுங்க சார்.”

உள்ளே போய் பீரோவைத் திறந்து தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்து, “எனக்கும் அதே ஆயிரம் போயிருக்கும்மா” என்றார். பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு, அவருக்கும் சேர்த்து நானே கடிதம் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு கடிதத்துக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். வாயால் சொன்ன புகாருக்கு வங்கியில் மதிப்பில்லை; முத்திரை விழுந்த பிறகுதான் மேலாளரே எழுந்து வந்தார்.

என் கணக்கில் நடந்தது மோசடி அல்ல, கேட்காமல் விற்றது. மோசடியாக இருந்திருந்தால் கதையே வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழலாம். கூடவே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். என் எஸ்எம்எஸ் எல்லாம் ஊரில் அப்பா போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத் திறந்து பார்ப்பதற்குள் பொங்கலே வந்துவிடும். அன்றைக்கே பாஸ்போர்ட் நகல் கொடுத்து என் சிங்கப்பூர் எண்ணை மாற்றிப் பதியச் சொன்னேன். மின்னஞ்சலையும் சேர்த்தார்கள்.

நான் ஊரில் இருக்கும்போதே இந்த வருடத்து 1,000 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. பெரியவருக்கும் வந்துவிட்டதாக அப்பா சொன்னார். முந்தைய வருடத் தொகையைத் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யுமாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. முத்திரை போட்ட நகலைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன்.