கச்சான் காற்றுக்குச் சலாது இலையா, வல்லாரையா?

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது, திருகோணமலையில் மதியச் சோற்றோடு அடுப்பேறாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று நாக்கு கேட்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பச்சை இலையோடு பழமும் பருப்பும் சேர்த்துச் சலாது செய்கிறோம். எந்த இலையில் செய்வது என்பதில்தான் எனக்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் லெட்டூஸ் என்கிற சலாது இலையின் பக்கம், நான் வல்லாரையின் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே பழத்தோடு செய்து, அடுத்தடுத்து வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தோம்.

சலாது இலையில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். மென்மை, மொறுமொறுப்பு, எதனோடும் சண்டை பிடிக்காத சுவை என்று அதற்குரிய பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மலைநாட்டுக் குளிரில் விளைந்து, லொறியில் இங்கே இறங்குகிற இலை. சந்தையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் துவண்டுவிடுகிறது. குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் போட்டால் மீண்டும் நிமிரும். பிறகு பருத்தித் துணியில் சுற்றி ஈரத்தை முழுவதும் ஒற்றி எடுக்க வேண்டும். நனைந்த இலையில் எண்ணெய் ஒட்டாது. எல்லாம் வழிந்து கோப்பையின் அடியில் தேங்கிவிடும்.

வல்லாரை எங்கள் கிணற்றடியிலேயே படர்ந்து கிடக்கிறது. சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு பறித்தால் போதும். ஆனால் மண்ணோடு ஒட்டிப் படரும் கொடி என்பதால், கழுவுவதில் சோம்பல் கூடவே கூடாது. நான் ஓடும் நீரில் மூன்று தரம் அலசுகிறேன். மகள் சொல்லும் குறை கசப்பு. அது உண்மைதான், முழு இலையாகப் போட்டால் எனக்கே இறங்காது. சம்பலுக்கு அரிவதுபோல இலைகளைச் சுருட்டிப் பிடித்து, நூல் நூலாக அரிய வேண்டும். அப்போது கசப்பு பரவி மெல்லியதாகிறது. அதன் பக்கத்தில் மாம்பழத் துண்டு ஒன்று வாயில் பட்டால், அந்த இனிப்பு சலாது இலையோடு ஒருபோதும் அப்படித் துலங்குவதில்லை.

பழத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம்தான் என் தெரிவு. நன்றாகக் கனிந்தது வேண்டாம், குழைந்துவிடும். சற்றே கெட்டியாக இருக்க வேண்டும். மாதுளை முத்துக்கள் இரண்டு இலைகளுக்கும் பொருந்தும். அன்னாசி வல்லாரைக்கு நன்று. ஆனால் சமைக்காத அன்னாசித் துண்டைத் தயிரோடு சேர்த்து வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதால், சிறிது நேரத்திலேயே தயிர் கசந்துவிடும்.

பருப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மென்மையான சலாது இலைக்கு வறுத்த கஜு, வல்லாரைக்குத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடித்த கச்சான். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிற ஊரில் இந்த இரண்டாவது சேர்க்கை எனக்குத் தனிப் பிரியம்.

உண்மையான வேறுபாடு இலைமேல் ஊற்றும் எண்ணெய், புளிப்புக் கலவையான டிரெஸ்ஸிங்கில்தான் இருக்கிறது. சலாது இலைக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு புளிப்பு என்ற வழக்கமான அளவு சரியாக வருகிறது. ஒலிவ் எண்ணெயும் தென்னங்கள் வினாகிரியும் எடுத்து, அரைத்த கடுகு கால் தேக்கரண்டி சேர்த்து, மூடிய போத்தலில் குலுக்கினால் போதும். எண்ணெயும் வினாகிரியும் உடனே பிரிந்துவிடாமல் கடுகு பிடித்துக்கொள்ளும். அதே கலவையை வல்லாரைமேல் ஊற்றியபோது எண்ணெய்ப் பிசுக்கும் கசப்பும் மட்டுமே நாக்கில் நின்றன. வல்லாரைக்கு அளவைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது: நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி, உப்பு, பொடியாக அரிந்த ஒரு பச்சை மிளகாய். தேங்காய் எண்ணெயையும் முயன்றேன். சலாதைக் குளிரூட்டியில் வைத்ததும் அது மெழுகுபோல் உறைந்து இலையில் படிந்துவிட்டது. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது உறையத்தான் செய்யும்.

இரண்டு இலைகளிலும் டிரெஸ்ஸிங்கைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். உப்பும் எண்ணெயும் பட்ட சலாது இலை எங்கள் மேசையில் பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. வல்லாரை துவளவில்லை, ஆனால் தேசிக்காய்ப் புளிப்பில் அதன் பச்சை மெல்ல மங்கிப் பழுப்புக்குத் திரும்பியது. சுவை மாலை வரை அப்படியே இருந்தது.

அதனால் விருந்தினர் வந்து உடனே பரிமாறும் நாளில் மகளின் சலாது இலைக்கு நான் இடம் விடுகிறேன். மீன் குழம்பும் சோறும் உள்ள சாதாரண நாளில், பின்னேரம் பாடசாலை விட்டு அவள் வந்து சாப்பிடும்வரை தட்டில் தாக்குப்பிடிப்பது வல்லாரைதான். போன கிழமை அவளே கத்தியோடு கிணற்றடிக்குப் போனாள்.