நெடும்பயணத்துக்கு ஒரு பழைய மடிக்கணினி: டி480-உடன் என் அனுபவம்

மாதக்கணக்கில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள், விலை குறைந்த பழைய மடிக்கணினி தேடும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் கேட்கிறார்கள்: எது வேகம், எது எடை குறைவு. நான் அதற்கெல்லாம் முன்னால் வேறொன்றைக் கேட்பேன். போகிற வழியில் கெட்டுப்போனால், அந்த ஊரில் இருக்கும் சின்னக் கடைக்காரரால் அதைச் சரிசெய்ய முடியுமா? லெனோவோ திங்க்பேட் டி480 சில வருடங்களாக என்னோடு அலைகிறது. அதை நான் தேர்ந்தெடுத்ததும், இன்னும் கைவிடாமல் வைத்திருப்பதும் இந்த ஒரு கேள்வியால்தான்.

எனக்கு ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். 1948 ஜூன் மாதம் எல்பில் தோட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அடுத்துத்தான் மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்தது என்பதால் வரலாற்றுப் புத்தகங்களில் எங்கள் ஊர்ப்பெயர் இருக்கும். அதே காலத்தில் இங்கே பால் வெட்டியவர்களின் பேச்சு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எஞ்சியிருக்கும் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்வதும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய படங்களை ஸ்கேன் செய்வதும்தான் நான் செய்யும் வேலை. பேராக், கெடா தோட்டங்கள் முடிந்ததும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை போன, தாய்லாந்தின் காஞ்சனபுரி. அங்கிருந்து வந்ததும், தாத்தா பாட்டிமார் கப்பல் ஏறக் கிளம்பிய தமிழ்நாட்டுக் கிராமங்கள். கிளம்பினால் வீடு திரும்ப மாதங்கள் ஆகும்.

ஆகவே என் தேவை தெளிவானது. ஒலிப்பதிவுக் கருவியின் எஸ்டி கார்டை நேராகச் செருக வேண்டும். ஸ்கேனர் ஓட வேண்டும். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். கேம், கனமான வீடியோ வேலை எதுவும் கிடையாது. தட்டச்சுதான் பாதி வேலை என்பதால் விசைப்பலகை எனக்கு உயிர். முத்து நெடுமாறன் இந்த மண்ணில் 1985-ல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருளில் விரல் பழகிய தலைமுறை நான். இன்றும் ஆங்கில விசைகளில் ஒலிப்படி அடிக்கும் அதன் அஞ்சல் முறையில்தான் அடிக்கிறேன். ஆழமாக இறங்கி, விரலை நிதானமாக மேலே தள்ளும் திங்க்பேட் விசைகளில் மணிக்கணக்காக ஒரு பாட்டியின் பேச்சை எழுத்தாக்கினாலும் கை வலிப்பதில்லை.

பழைய மடிக்கணினிச் சந்தையில் இப்போது ஒரு கோடு விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, இன்டெல் கணினிகளைப் பொறுத்தவரை, ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான். கோட்டுக்கு முந்தைய ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, விலையும் ஆசை காட்டும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடத் தெரிந்தவர்களுக்கு அவை நல்ல சரக்கு. மற்றவர்கள் எட்டாம் தலைமுறையே வாங்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு: இந்த வகை மெல்லிய கணினிகளில் ஏழாம் தலைமுறை ஐ5 சிப்புக்கு இரண்டு கோர்தான் (கணக்குப் போடும் மையம்), எட்டாம் தலைமுறையில் நான்கு. ஒலிக்கோப்பில் இரைச்சல் நீக்கும்போது அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250, 8350 என்று இருந்தால் சரி. 7200, 7300 என்றால் அது பழையது, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

நான் வாங்கியது ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு, ஆயிரம் வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) பேசி முடிந்தது. இணையத்திலும் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனாலும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதையே சொல்வேன், ஏனென்றால் இந்தச் சோதனைகளைப் படத்தை வைத்துச் செய்ய முடியாது.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு. மெஷினை ஆன் செய்ததும் லோகோ வரும்போது எஃப்1 விசையை அழுத்துங்கள். உள்ளே போகப் பாஸ்வேர்டு கேட்டால், மூடி வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுங்கள். "அது ஒன்னும் பிரச்சினை இல்லை, நாங்க எடுத்துக் கொடுப்போம்" என்பார்கள். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகிற வகை கிடையாது.

இரண்டாவது, பலரும் கேள்விப்படாதது. இந்த மெஷின்கள் பெரும்பாலும் கம்பெனிகள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்தவை. பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து அதை நீக்காமல் விட்டிருந்தால், விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தவுடன் அந்தக் கம்பெனியின் கணக்கில் நுழையச் சொல்லித் திரை நிற்கும். கடையில் எல்லாம் அழகாக ஓடும். ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு விடுதியில் ரீசெட் செய்யும்போதுதான் பூட்டு தெரியும். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ரீசெட் போடச் சொல்லி, உங்கள் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும். கீழே இறங்கித் தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பிறகு பேட்டரி அறிக்கை. விண்டோஸிலேயே இருக்கிறது: கமாண்ட் விண்டோவைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், தயாரித்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண் வரும். டி480-இல் இது குறைந்திருந்தாலும் பரவாயில்லை, பேரம் பேச உதவும். டச்பேட் லேசாக மேலெழுந்திருந்தால் மட்டும் கவனம். உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். யுஎஸ்பி-சி முனை இரண்டிலும் சார்ஜரைச் செருகி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். இந்த மாடலில் அவை மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை, போனால் செலவு பெரிது. திரை எந்த வகை என்றும் கேளுங்கள்: இதே மாடலில் 1366-க்கு 768 என்ற மங்கல் திரையும் உண்டு, 1920-க்கு 1080 ஐபிஎஸ் திரையும் உண்டு. முதல் வகையைக் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தாலே நிறம் மாறிவிடும். பழைய படங்களை ஸ்கேன் செய்கிறவனுக்கு அது ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்டர்போல்ட் (யுஎஸ்பி-சி முனைகளில் ஒன்று) ஃபர்ம்வேரை, அதாவது அதன் உள்மென்பொருளை, புதுப்பித்தேன். இந்தத் தலைமுறைத் திங்க்பேடுகளுக்காக லெனோவோவே வெளியிட்ட திருத்தம் அது. போடாமல் விட்டால் அந்த முனையில் சார்ஜ் ஏறாமல் போக வாய்ப்புண்டு. ரேமுக்கு இரண்டு இடம் இருப்பதால் இன்னொரு 8 ஜிபி சேர்த்துக்கொண்டேன். டி480 வந்த அதே 2018-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்280 கைக்கு அடக்கமாக அழகாக இருக்கும்; ஆனால் அதன் ரேம் போர்டோடு பற்றவைத்தது. வாங்கும்போது எத்தனை ஜிபியோ கடைசிவரை அதுதான்.

இந்த மெஷினில் நான் மிகவும் நேசிப்பது இரட்டைப் பேட்டரியை. உள்ளே 24 வாட்-மணியில் (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) ஒன்று நிரந்தரமாக இருக்கும். வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி 24, 48, 72 என்று மூன்று அளவில் வருகிறது. பாங்காக் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி போகும் மூன்றாம் வகுப்பு ரயிலில் ஜன்னல் காற்றும் மின்விசிறியும்தான். சார்ஜ் ஏற்ற இடமில்லை. எழுதிக்கொண்டிருந்தபோதே கணினியை மடியில் கவிழ்த்து, தாழ்ப்பாளை விலக்கி, தீர்ந்த பேட்டரியை இழுத்துவிட்டுப் பையிலிருந்த இன்னொன்றைச் சொருகினேன். திரை அணையவே இல்லை, உள்பேட்டரி தாங்கிக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெரிய 72 போட்டால் பின்புறம் ஒரு கட்டை போலத் துருத்தும்; விசைப்பலகை சற்றுச் சாய்வாக நிற்பது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

விமானத்தில் போகும்போது உதிரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், அனுப்பும் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டவை சாதாரணமாக அனுமதிக்கப்படுகின்றன. 72 அதற்குள் அடங்கும். பவர்பேங்கை விட இது எனக்கு நிம்மதி. மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பறக்கும்போது பவர்பேங்க் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டது. இணையத்தில் பாதி விலைக்கு வரும் பெயரில்லாப் பேட்டரிகளை மட்டும் ஒதுக்குங்கள். ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது.

சார்ஜருக்கு 65 வாட் யுஎஸ்பி-சி ஒன்றே போதும். கைத்தொலைபேசியும் அதிலேயே ஏறும். தொலைந்தாலும் எந்த ஊரிலும் வாங்கலாம். நம் மூன்று சதுரக் கால் பிளக் தமிழ்நாட்டு சாக்கெட்டில் நுழையாது. கால் மாற்றும் அடாப்டர் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும்.

இனி, சரிசெய்வது பற்றி. கெடாவில் ஒரு தோட்டத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பேரப்பிள்ளை ஓடிவந்து மைலோ கோப்பையைத் தட்டிவிட்டாள். முழுதும் விசைப்பலகை மேல். சார்ஜரைப் பிடுங்கி, அணையும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, வெளிப்பேட்டரியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். திங்க்பேடில் விசைப்பலகைக்கு அடியில் வடிகால் உண்டு. மேசையில் விரித்த துண்டில் மைலோ சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாட்டி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் மெஷின் உயிரோடு எழுந்தது, ஆனால் சர்க்கரைப் பிசுக்கில் ழகர விசை ஒட்டிக்கொண்டது. அழுத்தினால் பத்து ழ. தமிழ் எழுதுகிறவனுக்கு அதோடு வேலை நின்றது.

சுங்கை பட்டாணியில் ஒரு சின்னக் கடை, நம் பையன் ஒருவன். மெஷினைத் திருப்பிப் பார்த்ததுமே சொன்னான்: "அண்ணே, இது நிறைய கம்பெனிங்க யூஸ் பண்ண மாடல். சாமான் கிடைக்காம போகாது. நாளைக்கு வாங்க." மறுநாள் என் கண் முன்னாலேயே மாற்றினான். மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை. பழையதை எடுத்துப் புதியதை வைத்து, நாடா வயர்களைச் செருகினால் முடிந்தது. நூற்றுச் சொச்சம் வெள்ளி. பல புது மெல்லிய மாடல்களில் விசைப்பலகை மேல் மூடியோடு அறையப்பட்டிருக்கும், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். பிறகு ஒருமுறை சென்னை ரிச்சி தெருவில் வெளிப்பேட்டரி தேடியபோதும் மாடல் எண்ணைச் சொன்னவுடன் எடுத்து வைத்தார்கள். லட்சக்கணக்கான அலுவலகங்களுக்குப் போன மாடலை வாங்குவதன் பலன் இதுதான்.

குறைகளும் உண்டு. பெரிய பேட்டரியோடு ஏறக்குறைய 1.8 கிலோ, தோட்டத்துச் செம்மண் பாதையில் நடக்கும்போது தோள் அதை உணரும். திரையின் வெளிச்சம் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) உட்கார்ந்தால் போதாது, உள்ளே நிழலுக்கு நகர வேண்டும். ஸ்பீக்கர் சன்னமானது, அதனால் பதிவை அவர்களுக்கே போட்டுக் காட்ட ஒரு சின்ன புளூடூத் பெட்டி கொண்டுபோகிறேன்.

நம் ஊர் வானிலைக்கு இரண்டு பழக்கம் வேண்டும். சாயங்காலம் இடி கேட்டவுடன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பேட்டரி இருக்கவே இருக்கிறது. மழைக்காலத்தில் பையில் சிலிக்கா ஜெல் போடுங்கள். இவற்றை விட முக்கியம் பதிவுகளின் நகல். மெஷின் தொலைந்தால் ஆயிரம் வெள்ளி. தொண்ணூறு வயதுக் குரல் தொலைந்தால் திரும்பக் கேட்க ஆள் இருக்கமாட்டார். அன்றன்றைய பதிவை வெளி எஸ்எஸ்டியில் ஒரு நகல் எடுத்து, அதை வேறொரு பையில் வைக்கிறேன். எஸ்டி கார்டை வீடு திரும்பும்வரை அழிப்பதில்லை.

எல்லோருக்கும் டி480 வேண்டும் என்று சொல்லமாட்டேன். நகரங்களிலேயே தங்கி, காப்பிக்கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பழைய எம்1 மேக்புக் ஏர் சுகமாக இருக்கும்: 1.29 கிலோ, விசிறிச் சத்தமே இல்லை, பேட்டரியும் நன்றாக நிற்கும். விலை கூடுதல், ரேமும் சேமிப்பும் மாற்ற முடியாதவை. விலை குறைய வேண்டும் என்றால் டெல் லாட்டிட்யூட் 7490-ஐயோ எச்பி எலைட்புக் 840 ஜி5-ஐயோ பாருங்கள். எட்டாம் தலைமுறை, ரேமுக்கு இரண்டு இடம், யுஎஸ்பி-சி சார்ஜ், டி480-ஐ விட இலேசு. பேட்டரி உள்ளே திருகி வைத்திருப்பதால் ஓடும் ரயிலில் மாற்ற முடியாது, அவ்வளவுதான். எதை எடுத்தாலும் பயாஸ் சோதனையையும் கடையிலேயே ரீசெட் போடுவதையும் விட்டுவிடாதீர்கள். அவையும் பெரும்பாலும் கம்பெனிகளிலிருந்து வந்த மெஷின்கள்தான்.