ருபார்ப் கிழங்கு வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ருபார்ப் என்பது புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் செடி. அதன் 6 கிழங்குகளுக்குச் சென்ற டிசம்பரில் 72 பவுண்டு கொடுத்தேன். இன்று என் அலாட்மென்ட் தோட்டத்தில் (உள்ளூர்க் கவுன்சில் வாடகைக்குத் தரும் துண்டு நிலம்) அந்த ஆறில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. அதுவும் நான் கேட்ட ரகம் இல்லை. பணம் திரும்பி வராது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் நடவுக் காலம் தொடங்கியதும் அதே விற்பனையாளர், அதே படங்களோடு, லண்டனில் இருக்கும் இரண்டு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் விளம்பரம் போட்டிருக்கிறார். அதில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு வரி இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

"தண்டைச் சமைக்கலாம், இலையைக் கீரையாகக் கடையலாம், எதுவும் வீணாகாது." இதுதான் அந்த வரி. தயவுசெய்து நம்பாதீர்கள். ருபார்ப்பில் தண்டு மட்டுமே உணவு. இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம். வேகவைப்பதால் அது அழிந்துவிடாது. வாந்தி, வயிற்று வலியில் தொடங்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பது வரை அது போகும். முதல் உலகப் போர்க் காலத்தில், காய்கறித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ருபார்ப் இலையைச் சாப்பிடலாம் என்று பிரிட்டனில் மக்களுக்கு யோசனை சொன்னார்கள். அதை நம்பிச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு. நூறு ஆண்டுக்கு முன்பே மனிதர்கள் செத்துத் தெரிந்துகொண்ட விஷயத்தை, இன்று ஒருவர் வியாபாரத்துக்காக மறைக்கிறார்.

கீரை சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, அம்மாவைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் அவரைக்காய்ப் பந்தலுக்குக் கம்பு நட்டுவிட்டுத் திரும்பினால், அம்மா தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து இரண்டு பெரிய ருபார்ப் இலைகளை அலசிக்கொண்டிருந்தார். நரம்பைக் கிள்ளி எடுத்து, மடித்து, பைக்குள் வைக்கத் தயாராக இருந்தது. "வாசனை புளிச்சக்கீரை மாதிரியே இருக்கிறது, பருப்பு போட்டுக் கடைகிறேன்" என்றார். வாங்கிக் கீழே போட்டபோது என் கை நடுங்கியது. அம்மா தானாகச் செய்யவில்லை. அந்த விளம்பரத்தை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன்.

இனி கிழங்கின் கதை. ஆறு ஆண்டுகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்து கவுன்சிலிடம் பெற்ற அரைத் தோட்டம் என்னுடையது. ருபார்ப் தண்டில் அம்மா போடும் தொக்குக்குப் புளியே வேண்டாம். கடுகு, வெந்தயம் வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயில் சுருள வதக்கினால் போதும். கடையில் தண்டு விற்கும் விலைக்குச் சொந்தமாக ஒரு பாத்தி போடலாம் என்று நினைத்தேன். "டிம்பர்லி எர்லி ரகம், மூன்று வயதுக் கிழங்கு, இந்த வசந்தத்திலேயே அறுவடை" என்று விளம்பரம். 80 பவுண்டு, வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டால் 8 பவுண்டு தள்ளுபடி. அந்த 8 பவுண்டுக்கு ஆசைப்பட்டது எனக்குப் பின்னால் பெரிய வினையாக வந்தது.

பொட்டலம் ஒன்பது நாள் கழித்து வந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை, அதன் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கையில் எடுத்தபோதே இரண்டு கிழங்குகள் அமுங்கின. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிவிட்டேன். மண்ணை மேடாக்கி, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, முளை மண்மட்டத்தில் தெரியும்படி நட்டேன்.

மார்ச் வந்தது. இரண்டில் எதுவுமே முளைக்கவில்லை. மூன்றில் பென்சில் கனத்தில் தண்டு வந்து, இலை விரியும் முன்பே சரிந்தது. கேட்டபோது, "குளிர் அதிகம், பொறுத்திருங்கள்" என்று பதில் வந்தது. ஏப்ரலிலும் அதே பதில். மே நடுவில் மண்வெட்டியால் ஒன்றைத் தோண்டி எடுத்து, கத்தியால் நடுவே பிளந்தேன். நல்ல ருபார்ப் கிழங்கின் உள்ளே மஞ்சள் நிறம் இருக்கும். இதில் முளைக்கு அடியிலிருந்து நடுப்பகுதி முழுவதும் சாக்லேட் நிறத்தில் கூழாகிக் கிடந்தது. அழுகிய உருளைக்கிழங்கு நாற்றம். தலைப்பகுதி அழுகல் நோய். இதற்கு மருந்து கிடையாது. தோண்டி அப்புறப்படுத்த வேண்டும், உரக்குழியிலும் போடக் கூடாது, அந்த இடத்தில் மறுபடி ருபார்ப் நடவும் கூடாது. 72 பவுண்டைவிட எனக்கு வலித்தது அதுதான். அரைத் தோட்டத்தில் வெயில் நன்றாக விழும் இடத்தை அந்தப் பாத்திக்குத்தான் கொடுத்திருந்தேன்.

பிழைத்த ஒன்றும் டிம்பர்லி எர்லி இல்லை. பெயரிலேயே சொல்வதுபோல் அது முன்கூட்டியே வரும் ரகம். மார்ச்சிலேயே தண்டு எடுக்கிறவர்கள் உண்டு. என்னுடையது ஏப்ரல் கடைசியில்தான் தலைகாட்டியது, மே மாதமே பூத்தண்டு தள்ளியது. விதை போட்டு வளர்த்த ஏதோ ஒரு நாற்று என்றுதான் நினைக்கிறேன். விதையிலிருந்து வருவது தாய்ச்செடியைப் போலவே இருக்காது. அதனால்தான் பெயருள்ள ரகங்களைக் கிழங்கைப் பிரித்தே பெருக்குகிறார்கள்.

என் பக்கத்துத் தோட்டக்காரர் வடக்கு இங்கிலாந்தில் உள்ள வேக்ஃபீல்டுக்கு அருகே பிறந்தவர். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடைப்பட்ட அந்தப் பகுதியை ருபார்ப் முக்கோணம் என்பார்கள். இருட்டுக் கொட்டகையில் வளர்த்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தண்டு பறிக்கும் ஊர்கள் அவை. அந்த ருபார்ப்புக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. விளம்பரத்தைப் படித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: அதையே தொழிலாகச் செய்கிறவர்களே கிழங்கை இரண்டு ஆண்டு வயலில் ஒரு தண்டும் எடுக்காமல் விட்டுத்தான் கொட்டகைக்குக் கொண்டு போகிறார்கள், டிசம்பரில் நட்டதை வசந்தத்தில் எப்படி அறுப்பாய்? முதல் ஆண்டு கை வைக்கக் கூடாது, இரண்டாம் ஆண்டு சிலவற்றை மட்டும் இழுக்கலாம். "இந்த வசந்தத்திலேயே அறுவடை" என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

விற்பனையாளர் கடைசியில் சொன்னது இரண்டு. உங்கள் களிமண்தான் காரணம் என்றார். ஒற்றையடிப் பாதைக்கு அந்தப் பக்கம், அதே களிமண்ணில், பக்கத்துத் தோட்டக்காரரின் ருபார்ப் 12 ஆண்டுகளாகத் தழைத்து நிற்கிறது. அடுத்து, 30 நாள் கடந்துவிட்டது என்றார். இது பொய். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கத்தான் 30 நாள். அதற்குப் பிறகும் மாற்றுப் பொருள் கேட்கலாம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுத்தபோது அது நன்றாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது பொதுவாக விற்றவர் பொறுப்பு. இதை எழுதி அனுப்பினேன். மறுநாள் என் எண்ணை முடக்கிவிட்டார். கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். வங்கிக் கணக்கில் நேரடியாகப் போட்டதால் அந்த வழி அடைபட்டது.

நான் கேட்கத் தவறிய இன்னொன்று தாவர பாஸ்போர்ட். இணையம் வழியாக நடவுச் செடி விற்கும் வியாபாரி அதை ஒட்டி அனுப்ப வேண்டும். ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்துகளுக்கு நேரே தாவரப் பெயர், பதிவு எண், தொகுதி எண், விளைந்த நாடு இருக்கும் சிறு சீட்டு அது. என் பொட்டலத்தில் அப்படி எதுவும் இல்லை. பணம் அனுப்பும் முன் அந்தச் சீட்டின் படத்தைக் கேளுங்கள். கிழங்கு வந்த அன்றே ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள்; கல் போல் இறுகி, கனத்து, முளை இளஞ்சிவப்பாகத் திரண்டிருக்க வேண்டும். அமுங்கினால் நடாதீர்கள். படம் எடுத்து அன்றே எழுதுங்கள், அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

உண்மையில் விலை கொடுத்து வாங்கவே தேவையில்லை. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை பழைய செடியைப் பிரித்தால்தான் அது வலுவாக இருக்கும்; நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் யாராவது பிரித்துக்கொண்டிருப்பார்கள், கேட்டால் தருவார்கள். போன சனிக்கிழமை பக்கத்துத் தோட்டக்காரர் தன் செடியை மண்வெட்டியால் பிளந்து, மூன்று முளை உள்ள ஒரு துண்டைக் கொடுத்தார். வெட்டுவாய் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. பழைய பாத்தியைத் தொடாமல் வேலியோரத்தில் நட்டிருக்கிறேன். தொக்குக்கு இன்னும் இரண்டு வசந்தம் பொறுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 74 வயது.